கற்பூரத்துக்குள் சுழலும் மூலக்கூறுகள்

கார்த்திகை தீபத்தன்று மாலை கீழ்பென்னாத்தூரில் எல்லார் முகமும் மேற்கே திரும்பியிருக்கும். அங்கே 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில், நெய்யில் ஊறிய காடாத்துணித் திரி சட்டெனப் பற்றக் கைகொடுப்பது கற்பூரம். வேதியியலில் அது அபூர்வமான படிகம்.

கற்பூர மூலக்கூறு ஏறக்குறைய உருண்டையானது. அதில் இரண்டு வகை உண்டு: வலக்கையும் இடக்கையும் போல ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்; ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. கற்பூர மரத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் வலஞ்சுழி வகை. பூசைக் கடைகளில் கிடைப்பதோ அநேகமாக டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்தது. அதில் இரு வகையும் கலந்திருக்கும்.

மைனஸ் 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வலஞ்சுழிக் கற்பூரத்தின் மூலக்கூறுகள் திசை மாறாமல் வரிசையாக நிற்கின்றன. அதற்கு மேல் சூடேறினால், இருந்த இடத்தை விடாமலே திரும்பத் தொடங்குகின்றன. படிகம் உருகவில்லை, திடமாக இருந்தபடியே வேறு கட்டமைப்புக்கு மாறிவிட்டது. நம் பூசையறைக் கற்பூரமும் இந்தச் சுழலும் நிலையில்தான் இருக்கிறது. 100 டிகிரியை நெருங்கும்போது மறுபடி ஒரு மாற்றம்: மூலக்கூறுகள் கனசதுர அடுக்குக்கு வந்து, இன்னும் தாராளமாகச் சுழல்கின்றன. 178 டிகிரி வாக்கில்தான் உருகுகிறது. இத்தகைய பொருள்களை 1930களில் தனி இனமாக அடையாளம் காட்டியவர் பெல்ஜிய வேதியியலாளர் டிம்மர்மன்ஸ். இவற்றை நெகிழ்படிகங்கள் எனலாம்.

என்னை மிகவும் வியக்கவைப்பது இனிமேல்தான். ஓயாமல் சுழலும் மூலக்கூறு வலமா இடமா என்பது பக்கத்து மூலக்கூறுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. அதனால் இரு வகையும் ஒரே படிகத்தில் கலந்து அமர்கின்றன. கலவையும் தனி வகையும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் உருகுகின்றன. வேறுபாடு கடுங்குளிரில் வெளிப்படுகிறது: கலவை வரிசைக்கு வர மைனஸ் 28 போதாது, மேலும் குளிர வேண்டும்.

உருகுவதற்கு முன்பே பாதி ஒழுங்கு கலைந்துவிடுவதால், உருக்கத் தேவைப்படும் வெப்பமும் குறைவு. எனவே சிறிதளவு வேற்றுப்பொருள் கலந்தாலே உருகுநிலை வெகுவாக இறங்கிவிடும். தண்ணீரின் உறைநிலை இறங்குவதைப்போல இருபது மடங்குக்கும் மேல். 1922இல் கார்ல் ராஸ்ட் இதையே மூலக்கூறு எடை அறியும் முறையாக்கினார். கல்லூரி ஆய்வகங்களில் பல்லாண்டு புழங்கிய முறை அது.

மூலக்கூறுகளிடையே பிடிப்பு வலுவாக இல்லாததால் கற்பூரம் உருகாமலே ஆவியாகிக் கரைகிறது. டப்பாவை இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; சிறு துண்டை விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும்.