முக்கோணத்தைக் கவிழ்த்தால் என்ன ஆகும்?

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)

இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். மினி டிராப்டரைப் பிடிக்கத் தெரியும், கோடு நேராகப் போடத் தெரியும். ஆனால் ஒரு கட்டையின் படத்தைக் கொடுத்து, ‘இதற்கு பிளான், எலிவேஷன், சைடு வியூ போடு’ என்றால் கை அப்படியே நின்றுவிடும். இந்தக் கோளாறு முதல் வருஷத்தில் ஆரம்பிப்பதில்லை, ஒண்ணாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒண்ணாவதிலிருந்து நாலாவது வரை படிக்கிற ஆறு பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அந்தத் தெருவிலிருந்து பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கு இந்த வாத்தியார் உத்தியோகம். சம்பளம் கிடையாது! அட்டையில் வெட்டிய முக்கோணத்தைக் காட்டினால் ‘முக்கோணம்’ என்று கோரஸாகச் சொல்வார்கள். அதையே தலைகீழாகத் திருப்பினால் சத்தம் நின்றுவிடும். ‘இது கவுந்துடுச்சு அண்ணே, இப்ப முக்கோணம் இல்ல’ என்றது ரெண்டாவது படிக்கிற பிள்ளை. சதுரத்தை ஒரு மூலையில் நிறுத்தினால் அது ‘டைமண்டு’ ஆகிவிடுகிறது. ஊசி மாதிரி ஒல்லியான முக்கோணத்தை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூலை மழுங்கி, ஓரம் வளைந்த சமோசாவை எல்லோரும் முக்கோணம் என்று ஒத்துக்கொண்டார்கள்!

பிள்ளைகள் மக்கு என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்து நாட்டில் பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதிகள் இதைத்தான் ஆராய்ந்து 1957இல் எழுதினார்கள். குழந்தை முதல் படியில் வடிவத்தை முகம் பார்த்து ஆளை அடையாளம் காண்பது போலத்தான் காண்கிறது. பக்கம் எத்தனை, மூலை எத்தனை, எது எதற்குச் சமம் என்று பார்ப்பது அடுத்த படி. சதுரமும் ஒரு வகைச் செவ்வகம்தான் என்று புரிவது அதற்கும் மேலே. வயசு ஏறினால் மட்டும் படி ஏறிவிடாது, சொல்லிக்கொடுக்கிற விதத்தில்தான் ஏறும் என்பது அவர்கள் கண்டது. யோசித்துப் பாருங்கள்: சார்ட்டில் முக்கோணம் எப்போதும் அடிப்பக்கம் தரையில் படிய உட்கார்ந்தே இருக்கிறது. அப்படி உட்கார்ந்திருப்பதும் முக்கோணத்தின் லட்சணம் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. வட்டத்துக்குப் பந்தின் படம் போட்ட சார்ட்டும் பார்த்திருக்கிறேன். பந்து எங்கே, வட்டம் எங்கே!

ஆகவே பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பொருளை முதலில் கையில் கொடுங்கள். கிண்டர்கார்டனை 1837இல் ஜெர்மனியில் ஆரம்பித்த பிரெடரிக் புரோபெல் குழந்தைக்கு முதலில் கொடுத்தது பந்து. பிறகு மரத்தில் செய்த கோளம், உருளை, கனசதுரம். நமக்கு மரத்தச்சன் எல்லாம் வேண்டாம். எலுமிச்சம்பழம், டம்ளர், தாயக்கட்டை, வத்திப்பெட்டி போதும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து எது உருளுது, எது சறுக்குது, எது ரெண்டும் செய்யுது என்று பார்க்கவிட்டேன். டப்பா ஒரு பக்கம் வைத்தால் உருளும், நிமிர்த்தி வைத்தால் சறுக்கும் என்று அவர்களே கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள்.

அடுத்தது ஈர மணல். வத்திப்பெட்டியைப் படுக்கப் போட்டு அழுத்தினால் ஒரு பெரிய செவ்வகம். குச்சி உரசுகிற பக்கம் அழுத்தினால் நீளமாய் ஒடுங்கிய செவ்வகம். தலைப்பக்கம் அழுத்தினால் குட்டிச் செவ்வகம். ஒரே பெட்டிக்கு மூன்று தடம்! நண்பர்களே, நாம் அரியர் வைக்கிற பிளான், எலிவேஷன், சைடு வியூ இதுதானே? தடத்தைக் காட்டி ‘இது எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் மூணாவது படிக்கிற பையன் பெட்டியைத் தொடாமலே சொல்கிறான். இந்த விளையாட்டை ஆடாமலே நாம் பெரியவர்களாகிவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, சைக்கிள் வால் டியூப். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் வேலை செய்தபோது பிரபலப்படுத்திய வழி இது. டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் செருகினால் வளைகிற மூட்டு கிடைத்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம், நாலு குச்சியில் சதுரம். இப்போது பிள்ளையிடம் கொடுத்து ‘அமுக்கிப் பாரு’ என்று சொல்லுங்கள். சதுரம் சாய்ந்து போகும், முக்கோணம் அசையாது. சதுரத்துக்கு மூலைக்கு மூலை ஒரு ஈர்க்குச்சியை நூலால் கட்டினால் அதுவும் அசையாது. ஏனென்றால் இப்போது அங்கே இருப்பது இரண்டு முக்கோணம். கரண்ட் டவரிலும் ஷெட் டிரஸ்ஸிலும் ஏன் இவ்வளவு முக்கோணம் என்பதை நாம் ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் படிக்கிறோம். அது ஏழு வயசுக் கைக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

செங்கோணத்துக்கு நம்ம ஊர் ஆள் ஒருவர் வழி காட்டியிருக்கிறார். டி. சுந்தரராவ் என்பவர் காகிதம் மடித்தே வடிவியல் கற்பதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1893இல் சென்னையில் வெளியானது. கிண்டர்கார்டன் காகித மடிப்பிலிருந்துதான் அந்த யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தாறுமாறாகக் கிழித்த காகிதமானாலும் சரி, ஒரு மடி மடித்தால் நேர்கோடு. அந்த மடிப்பு தன்மேலேயே படியும்படி இன்னொரு மடி மடித்தால் செங்கோணம். ஸ்கேல் வேண்டாம், செட் ஸ்கொயர் வேண்டாம்.

எங்க அப்பா கொத்தனார். மூணாங்கிளாஸோடு நின்றவர். அவரை யாரும் படிச்சவர் என்று சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து, சாய்ந்து கிடந்த தீக்குச்சிச் சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘நாலு பக்கமும் அளவு சரியா இருந்தா மட்டும் போதாதுடா. குறுக்களவு ரெண்டும் ஒத்து வரணும். இல்லேன்னா ரூம் கோணிக்கும்’ என்றார். நூலை எடுத்து முற்றத்தில் ஒரு பக்கம் மூணடி, இன்னொரு பக்கம் நாலடி அடையாளம் வைத்து, ரெண்டு முனைக்கும் நடுவில் அஞ்சடி வருகிற வரைக்கும் நகர்த்தினார். மூலை மட்டமாக நின்றது. அது பிதாகரஸ் என்று நான் சொன்னேன். ‘யாரு, மேஸ்திரியா?’ என்று கேட்டார்.

அன்றிலிருந்து பிள்ளைகள் ஆளுக்கொரு மடித்த காகிதத்தோடு தெருவில் திரிகிறார்கள். ஜன்னல், நோட்டுப் புத்தகம், டீக்கடை பெஞ்சு என்று எதையும் விடவில்லை. கடைசியில் எங்கள் வாடகை வீட்டு நிலைப்படியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு விரல் இடைவெளி! எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

‘அது நான் கட்டினது இல்ல’ என்றார் அவர்.