தொடர் பாலியல் குற்றவாளிகள்: பதிவேடு மட்டும் போதுமா?

புது தில்லி: சிறுமிகளிடம் தொடர்ந்து பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக, தையல் தொழிலாளி ஒருவரை 2017 ஜனவரியில் தில்லி போலீஸார் கைது செய்தனர். தில்லி, உத்தரப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகிய மூன்று மாநிலங்களில் பல ஆண்டுகளாக இக்குற்றம் நடந்து வந்ததாகப் போலீஸார் தெரிவித்தனர்.

மாநில எல்லையைத் தாண்டும் இத்தகையவர்களை அடையாளம் காண, 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத் தளத்தை மத்திய உள்துறை அமைச்சகம் தொடங்கியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கும் இதில், தொடங்கியபோதே 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. காவல், விசாரணை அமைப்புகள் மட்டுமே இதைப் பார்க்க முடியும்.

சிக்காதவர்கள் யார்?

இப்பதிவேட்டில் இருப்பவர்கள் தண்டனை பெற்றவர்கள். ஆனால், குற்றவியல் ஆய்வுகள் சுட்டுவது சிக்காதவர்களை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1,882 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், 120 பேரின் செயல்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஒப்பானவை எனத் தெரியவந்தது. அவர்களில் 76 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதைச் செய்தவர்கள்; அவர்கள் மட்டும் புரிந்தவை 439. எவர் மீதும் வழக்கு இல்லை. எனினும், பல ஆண்டுகள் தொடர்ந்து குற்றம் புரிவோர் சிறு பகுதியினரே என்று 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு மறுத்தது.

தில்லி திகார் சிறையில் சுமார் 100 கைதிகளைச் சந்தித்த ஆய்வாளர் மதுமிதா பாண்டே, அவர்கள் அசாதாரணமானவர்கள் அல்லர் என்றார். பெண்ணின் சம்மதம் என்றால் என்னவென்றே பலர் அறிந்திருக்கவில்லை. வருந்தியவர்களோ மிகச் சிலர்.

தடயம் பேச வேண்டும்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பரிசோதிக்கப்படாத 11,000-க்கும் மேற்பட்ட தடயப் பெட்டிகள் 2009-இல் போலீஸ் கிடங்கில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைச் சோதித்தபோது நூற்றுக்கணக்கான தொடர் குற்றவாளிகள் அடையாளம் காணப்பட்டனர்.

இந்தியாவில், மரபணுத் தகவல் வங்கி அமைப்பதற்காக 2019-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, அந்தரங்க உரிமை குறித்த ஆட்சேபங்களுக்குப் பின் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. மறுமுறை குற்றம் புரிவோருக்கு ஆயுள் முழுவதும் சிறை அல்லது மரண தண்டனை என 2013-இல் வந்த விதி, பாரதிய நியாய சம்ஹிதையிலும் தொடர்கிறது. ஆனால், முதல் குற்றம் நிரூபிக்கப்பட்டால்தான் அது பாயும்.

பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றஞ்சாட்டப்படுவோர், பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்களே என்கின்றன ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள். அங்கே, குடும்ப மானத்தின் பெயரால் முதல் புகார் அடக்கப்பட்டால், அடுத்த சிறுமியைக் காக்க எந்தப் பதிவேட்டாலும் இயலாது.