வெளிநாட்டுப் பழைய கேமரா: வாங்கும் முன் கணக்குப் பாருங்க!

போட்டோ தொழிலுக்காகக் குழுக்கடன் எடுத்து, ஈபே போன்ற இணையதளத்தில் ஜப்பான் வியாபாரியிடம் பழைய கேமரா வாங்கலாமா என்று யோசிக்கிறவங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: திரையில் தெரிவது முழு விலை இல்லை.

* அனுப்பும் செலவு, சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி. எல்லாம் கூட்டி, உள்ளூர் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்க. பழைய பொருள் இறக்குமதிக்குத் தனி விதிகளும் உண்டு, முன்பே விசாரிக்கணும்.
* 'ஜங்க்' என்று போட்டிருந்தால் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் கிடையாது.
* லென்சில் பூஞ்சை இருக்கிறதா, ரிப்பேர் என்றால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று எழுதிக் கேளுங்க.
* பணத்தை இணையதளம் வழியாகவே கட்டுங்க. தனியாக அனுப்பச் சொன்னால் அனுப்பாதீங்க. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

கேமரா ஓடாவிட்டாலும் மாதத் தவணை நிற்காது. அதனால் முதலில் குழுக் கூட்டத்தில் கணக்குப் போடுவோம், பிறகு வாங்குவோம்!