இடமிருந்தும் இடமில்லை என்கிறதே!

மாணவர்களே, கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார் என்பது போன்ற செய்திகளைக் கல்லில் வெட்டி வைப்பது அக்கால வழக்கம். கோயில் சுவர்தான் அன்று ஊரின் பதிவேடு.

சரி, அந்தச் சுவரையே இடித்துக் கட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது?

கீழப்பழுவூருக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் அப்படி ஒரு நிலைமை வந்தது. முதலாம் இராசராச சோழன் தனது 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1013இல், அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். இடிப்பதற்கு முன், சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான். அவனுடைய மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், புத்தகத்தில் இருந்தவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இந்தச் செய்தியையும் அக்கோயில் கல்வெட்டே நமக்குச் சொல்கிறது.

இன்று கணிப்பொறிக்காரர்கள் 'பேக்கப்' என்று சொல்வதும் இதே வேலைதான். மூலம் அழிந்தாலும் செய்தி அழியாமல் இருக்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே படியெடுத்து வேறோர் இடத்தில் வைப்பது.

ஒரு புதிர்

பல கணிப்பொறிகளுக்குப் பொதுவாக இருந்து கோப்புகளைக் காக்கும் பெரிய கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். பள்ளி மதிப்பெண்கள், மருத்துவமனைச் சீட்டுகள், வங்கிக் கணக்குகள் எல்லாம் சர்வர்களில்தான் இருக்கின்றன. 2008இல் வந்த விண்டோஸ் சர்வரிலிருந்து 'விண்டோஸ் சர்வர் பேக்கப்' என்னும் செயலி இருக்கிறது. நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் இரவில் தானே படியெடுக்கும்; நடந்ததை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். இந்தப் பதிவேட்டை 'லாக்' என்பார்கள்.

ஒரு பள்ளி சர்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சி என்ற பகுதியில் 60 ஜிகாபைட் காலியிடம். டி என்ற பகுதியில் 300 ஜிகாபைட் காலியிடம். படியை வைக்க வாங்கிய புதிய தட்டு முழுவதும் காலி. ஆனால் காலையில் லாகைப் பார்த்தால், "நிழல் படி எடுக்க இடம் போதவில்லை" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி! படி எடுக்கப்படவே இல்லை.

கணிப்பொறி பொய் சொல்கிறதா? இல்லை. அது எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறது என்பது நமக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

வால்யூம் என்பது என்ன?

ஒரே வயலை வரப்புப் போட்டுப் பல பாத்திகளாகப் பிரிப்பதில்லையா? அதுபோல ஒரு தட்டைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு வால்யூம். சி, டி என்பவை நாம் கூப்பிடுவதற்கு வைத்த செல்லப் பெயர்கள். கணிப்பொறி தனக்குள் ஒவ்வொரு வால்யூமுக்கும் 32 குறிகள் கொண்ட நீண்ட அடையாள எண் ஒன்று வைத்திருக்கிறது.

எல்லா வால்யூமுக்கும் செல்லப் பெயர் உண்டா என்றால், இல்லை. கணிப்பொறி விழித்தெழுவதற்குத் தேவையான கோப்புகள் ஒரு சிறு வால்யூமில் பெயரின்றி ஒளிந்திருக்கும். லாகில் எழுத்துப் பெயர் இல்லாமல் நீண்ட எண் மட்டும் வந்து நம்மைக் குழப்புவது பெரும்பாலும் இதனால்தான்.

நிழல் படி எதற்கு?

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நீங்கள் படியெடுக்கிறீர்கள். 'அ' பிரிவை எழுதி முடித்துவிட்டீர்கள். அந்நேரம் ஒரு மாணவி 'அ' பிரிவிலிருந்து 'ஆ' பிரிவுக்கு மாற்றப்படுகிறாள். பிறகு நீங்கள் 'ஆ' பிரிவை எழுதுகிறீர்கள். என்ன ஆகும்? உங்கள் படியில் அவள் இரண்டு பிரிவிலும் இருப்பாள்! நீங்கள் எழுதியதில் பிழையில்லை; ஆனால் படி முழுவதும் பிழை.

சர்வரோ ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். ஆகவே 2003 விண்டோஸ் சர்வரில் நிழல் படி என்னும் ஏற்பாடு வந்தது. "இந்த நொடியில் இருந்தபடி" என்று ஒரு கோடு கிழிக்கப்படும். அதன்பின் எந்த இடத்தில் எழுத்து மாறினாலும், மாறுவதற்கு முன் பழைய எழுத்து தனியே எடுத்து வைக்கப்படும். படியெடுக்கும் செயலி, மாறிய இடங்களுக்கு இந்தப் பழைய எழுத்தையே படித்துக்கொள்ளும்.

பழையதை எடுத்து வைக்க இடம் வேண்டுமல்லவா? அது வழக்கமாக அதே வால்யூமில்தான் ஒதுக்கப்படும். இங்கேதான் புதிரின் முடிச்சு. படி போய்ச் சேரும் தட்டில் மட்டும் இடம் இருந்தால் போதாது. படியெடுக்கப்படும் ஒவ்வொரு வால்யூமிலும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். 500 மெகாபைட்டுக்குக் குறைந்த வால்யூமில் 50 மெகாபைட்டாவது வேண்டும். அதைவிடப் பெரியதானால் 320 மெகாபைட்டாவது வேண்டும்.

முடிச்சு அவிழ்கிறது

2008 ஆர்2 விண்டோஸ் சர்வரில் அந்த ஒளிந்த வால்யூமின் அளவு வழக்கமாக 100 மெகாபைட்தான். முழு சர்வரையும் படியெடுக்கச் சொன்னால் அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். விழித்தெழும் கோப்புகள் கொஞ்சம், மாற்றங்களைக் குறித்து வைக்கும் குறிப்பேடு கொஞ்சம் என்று அது நிரம்பி, 30 மெகாபைட்தான் மிச்சம் என்றால்? டி பகுதியில் 300 ஜிகாபைட் சும்மா கிடந்தாலும் பயனில்லை. ஒரு பாத்தியில் தண்ணீர் இல்லையென்றால், அடுத்த பாத்தியில் வரப்பு வரை நிற்கும் தண்ணீர் அங்கே பாயாது.

ஆகவே பிழை வந்ததும் லாகில் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பிழை எண், வால்யூமின் பெயர், நேரம். பிறகு 'மவுண்ட்வால்' என்ற கட்டளையைக் கொடுத்தால், எந்த நீண்ட எண் எந்த எழுத்துப் பெயருக்கு உரியது, எதற்கு எழுத்தே இல்லை என்று பட்டியல் வரும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' படத்தில் ஒவ்வொன்றின் அளவும் காலியிடமும் தெரியும். சிறு வால்யூம்தான் காரணம் என்று தெரிந்தால் அதைப் பெரிதாக்கலாம், அல்லது அதிலுள்ள மாற்றக் குறிப்பேட்டைச் சுருக்கலாம். தெரிந்தவர் துணையின்றி அதிலுள்ள கோப்புகளை மட்டும் அழித்துவிடக் கூடாது. அழித்தால் கணிப்பொறி விழிக்கவே விழிக்காது!

எல்லாப் பிழைக்கும் இதுவே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். படியெடுக்கும்போது எழுதும் வேலை மிக அதிகமானால், ஒதுக்கிய இடம் வேகமாக வளர முடியாமல் நிழல் படி கலைந்துவிடும். அதற்கு, வேலை குறைந்த நேரத்துக்குப் படியெடுப்பை மாற்றுவது மருந்து. தரவுத்தளம் போன்ற செயலிகள் "சற்று நில்" என்ற வேண்டுகோளுக்குப் பதில் தராமலும் போகலாம். தட்டிலேயே பழுது இருக்கலாம். எண்ணும் பெயரும் நேரமும்தான் இவற்றைப் பிரித்துக் காட்டும்.

இன்னொன்று. லாகில் 'வெற்றி' என்று வந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. புத்தகத்தில் படியெடுத்தது திருமழபாடியில் பாதி வேலைதான். அதைப் பார்த்து மீண்டும் சுவரில் வெட்டியபோதுதான் முழு வேலையாயிற்று. அதுபோல் படியிலிருந்து சில கோப்புகளையாவது அவ்வப்போது மீட்டுப் பார்க்க வேண்டும். தட்டு கெட்ட நாளில் முதல்முறையாகச் சோதித்தால், படியும் கெட்டிருப்பது அன்றுதான் தெரியவரும்.

நீங்களே செய்து பாருங்கள்

கரும்பலகையில் 20 வரிகளில் 20 எண்களை எழுதுங்கள். ஒருவர் அவற்றை மேலிருந்து கீழாக நோட்டில் படியெடுக்கட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் அங்கங்கே எண்களை மாற்றட்டும். எந்த வரியையும் முதல்முறை மாற்றுவதற்கு முன், பழைய எண்ணை வரி எண்ணோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசைமேல் வைக்க வேண்டும். படியெடுப்பவர் ஒவ்வொரு வரிக்கும் முதலில் மேசையைப் பார்க்க வேண்டும். துண்டு இருந்தால் அதிலுள்ள எண்ணையே எழுத வேண்டும். தொடக்கத்தில் இருந்த 20 எண்களும் அப்படியே கிடைக்கும்.

அடுத்த முறை மூன்றே துண்டுத் தாள்கள் கொடுங்கள். நான்காவது வரியை மாற்ற வரும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். படியெடுப்பவரின் நோட்டில் அப்போது எத்தனை பக்கங்கள் காலியாக இருந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.