தீர்ப்பும் பரிவும்

பிறர் துன்பத்தைக் காணும்போது நம் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழக்கூடும். ‘இது யார் செய்த தவறு?’ என்பது ஒன்று. ‘இவருக்கு நான் என்ன செய்யலாம்?’ என்பது மற்றொன்று. முதல் வினா தீர்ப்புக் கூற முனைகின்றது. இரண்டாவது வினா பரிவிலிருந்து பிறக்கின்றது. இவ்விரண்டனுள் பரிவையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கிறித்தவ நெறி.

விவிலியத்தின் யோவான் நற்செய்தியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இந்நிலைக்குக் காரணம் இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவிடம் வினவினர். இரண்டும் அல்ல என்று மறுத்த இயேசு, அவருக்குப் பார்வை அளித்தார்.

சீடர்கள் கேட்ட அதே வினாவை நம் நாட்டில் தொழுநோயாளரைப் பார்த்தும் மக்கள் நெடுங்காலம் கேட்டு வந்தனர். இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரி 1873ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஆயினும், இது பாவத்தின் பயன் என்று கூறி, நோயாளரை வீட்டை விட்டும் ஊரை விட்டும் விலக்கும் வழக்கம் மறையவில்லை. அவர்களுடைய விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்றே பலரும் நம்பினர்.

மருத்துவர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், கிறித்தவ ஊழியர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன நோயாளர் ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கேட்டார். அந்தப் பிடி அவருக்கு வலிக்கும் அளவிற்கு உறுதியாக இருந்தது. பயனற்றதென்று எல்லாரும் கைவிட்ட கையில் வலிமையுள்ள தசைகள் இருப்பதை அவர் அறிந்தார்.

பிறிதொரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருகி அதைத் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவிற்குக் கிழிந்திருந்தது. அவனோ அதை உணரவே இல்லை. உணர்ச்சியற்ற கையில் சூடுபட்டாலும், முள் தைத்தாலும் தெரிவதில்லை. இவ்வாறு கவனியாமல் விடப்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று பிராண்ட் கண்டறிந்தார். வலுவுள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிரச் செய்தார். கைகளைக் காயம்படாமல் காக்கும் முறைகளையும் நோயாளர்க்குக் கற்பித்தார். இன்று இந்நோயை மருந்தால் முற்றிலும் குணப்படுத்தலாம்.

பாவத்தின் பயன் என்று சொன்னவர்கள், காரணம் தெரிந்துவிட்டதாக எண்ணி விலகிச் சென்றனர். அருகில் சென்று கையைப் பற்றியவரே உண்மையான காரணத்தைக் கண்டார்.

அவ்வாறாயின், பிறர் தவற்றைச் சுட்டிக்காட்டவே கூடாதா? அவ்வாறன்று. பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க முயலும் முன், தன் கண்ணிலுள்ள மரத்துண்டை எடுக்க வேண்டும் என்பது இயேசுவின் அறிவுரை. முதலில் தன்னைத் திருத்திக்கொண்டவரே பிறர் திருந்துவதற்கு உதவ முடியும். அவருக்கும் பிறரை இகழும் உரிமை இல்லை.

மாணவர்களே! நாள்தோறும் தாமதமாக வரும் தோழனைச் ‘சோம்பேறி’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அவன் வீட்டில் நோயுற்ற தாய் இருப்பதை அறிய, அவனுடன் சிறிது நேரம் பேச வேண்டும். வேற்றூரிலிருந்து புதிதாக வந்த மாணவி யாரிடமும் பேசாதிருந்தால், ‘செருக்குடையவள்’ என்று எண்ணத் தோன்றும். மொழி அறியாத வகுப்பில் முதல் நாள் அமர்ந்திருந்த உங்களில் பலர் அந்த மௌனத்தின் காரணத்தை நன்கு அறிவீர்கள். நாளை அவள் அருகில் சென்று அமருங்கள்.

சிந்தித்து எழுதுக

1. தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்கு உண்மையான காரணம் யாது?
2. ஒருவரைத் தவறாக எண்ணிப் பின்னர் உண்மையை அறிந்த அனுபவத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.