பழைய தெருவிற் புதிய தொடர்மாடி

பழைமை வாய்ந்த தெருவொன்றிலே புதிய தொடர்மாடியை எழுப்புவோர் எதனைப் பின்பற்றுதல் வேண்டும்? ஐக்கிய அமெரிக்காவின் சார்ள்ஸ்ரன் நகரம் தன் பழைய பகுதியைக் காக்க 1931ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. அங்குள்ள மரபுவழி வீடு ஓரறை அகலமே உடையது. அதன் ஒடுங்கிய பக்கம் தெருவை நோக்கும்; நீண்ட பக்கத்து விறாந்தை தெற்கு அல்லது மேற்கு நோக்கிக் காற்றை ஏற்கும். அத்தகைய தெருவில் அகன்ற தொடர்மாடியொன்று ஒரே சுவராக நிற்பின், பழைய பாணித் தூண்களை ஒட்டவைத்தும் பயனில்லை. தெருவின் ஒழுங்கு குலைந்துவிடும். அதனையே ஒடுங்கிய பகுதிகளாகப் பிரித்து, அயல்வீடுகளின் உயரத்துக்கு அடக்கி, இடையே காற்றுக்கு வழிவிட்டால், பல குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும். தெருவும் தன் இயல்பை இழவாது. பின்பற்றத்தக்கது பழைய அலங்காரமன்று, பழைய அளவே.