நிரல்மொழியின் பரவலும் தமிழெழுத்தின் எண்ணிக்கையும்

ஓரிடத்தில் தோன்றிய நிரல்மொழி பிறவிடங்களுக்குப் பரவுங்கால், உடன் செல்வன யாவை, செல்லாதன யாவை என்பது தமிழாய்வாளரும் எண்ணற்குரியது. ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கென 2014இல் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட், 2015இல் திறந்த மூலமாகி லினக்ஸிலும், 2020இல் விண்டோஸிலும் இயங்கலாயிற்று.

எண்ணூரை அடுத்த ‘வள்ளூர்’ என்னும் ஊர்ப்பெயரை நோக்குக. இலக்கணத்தார்க்கு இது வ, ள், ளூ, ர் என 4 எழுத்து. ஒருங்குறியோ புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே கொள்ளும். ஆதலின் பைத்தானின் இயல்பான எண்ணிக்கை 7 எனக் காட்டும். ஸ்விஃப்ட் 4 என்றே கூறும். இவ்வாற்றல் மொழியின் அடிப்படை நூலகத்திலேயே அமைந்திருத்தலின், அம்மொழி செல்லுமிடமெங்கும் உடன் செல்லும். இஃது அதன் வலிமை. திரைக்காட்சிகளை அமைக்கும் ஸ்விஃப்ட்யூஐ என்னும் பகுதியோ ஆப்பிள் கருவிகளுக்கே உரியது. அதனைக்கொண்டு இயற்றிய சொல்லடைவுச் செயலியைப் பிற கணினிக்கு மாற்றுவோர் முகப்பைப் புதிதாகவே எழுதல் வேண்டும். இஃது அதன் குறை.

எனினும் 4 என்பது முடிந்த முடிபன்று. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணுதல் மரபாதலின், ஆங்கு ‘வள்ளூர்’ 2 எழுத்தே. அவ்விதியைக் கருவி தானே அறியாது. ஆய்வாளரே வகுத்துத் தரல் வேண்டும். எழுத்தெண்ணும் பகுதியை முகப்பினின்று பிரித்து எழுதுவார்க்கு அவ்வுழைப்பு எக்கணினியிலும் வீண்போகாது.